ஓரமா இருந்துக்கறோம்

அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ஆனால் செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் யாரும் அதைச் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மளிகைக் கடைக்காரர், கேபிள்காரர், தண்ணீர் லாரி டிரைவர் எல்லோருக்கும் அவர் பாய். நான் மட்டும் அண்ணா என்பேன். ஏரிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு போர்ஷன்கள். வலதுபக்கம் நாங்கள், இடதுபக்கம் அவரும் அவர் மனைவியும் பெண்ணும். மாடியில் ஹவுஸ் ஓனர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவர்கள் வீட்டு மிக்ஸி சத்தம் எங்களுக்குக் கேட்கும், எங்கள் வீட்டுச் சண்டை அவர்களுக்குக் கேட்கும்.

சண்டை என்றால் பெரும்பாலும் நான் என் வீட்டுக்காரரோடு போடுவதுதான். அப்போது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். கத்தினால்தான் வேலை நடக்கும் என்று அங்கே கற்றுக்கொண்டதை வீட்டிலும் தெருவிலும் அப்படியே கடைப்பிடித்தேன். ஆட்டோக்காரர் முதல் அரிசிக் கடைக்காரர் வரை என்னைக் கண்டால் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே பேசுவார்கள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அதனால்தானோ என்னவோ பாய் அண்ணாவை என்னால் மறக்க முடியவில்லை.

நாங்கள் குடிவந்த நாளன்று லாரியிலிருந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தோம். கேட்டுக்கு உள்ளே, மாடிப்படிக்குக் கீழே, நிழலான ஒரு இடத்தில் ஒரு பழைய மொபெட் நின்றிருந்தது. என் வீட்டுக்காரர் தன் பைக்கை எங்கே நிறுத்துவது என்று சும்மா ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். பக்கத்து வாசலிலிருந்து மெலிந்த, உயரமான ஒருவர் வந்து மொபெட்டை உருட்டிக்கொண்டுபோய்த் தெருவில் நிறுத்தினார்.

“நீங்க வைங்க சார். நாங்க ஓரமா இருந்துக்கறோம்.”

அன்றிலிருந்து அந்த மொபெட் வெயிலிலும் மழையிலும் தெருவில்தான் நின்றது. அதன் சீட் கிழிந்தபோது தன் கடையிலிருந்த நீலத் தார்ப்பாய்த் துண்டை அதற்கு உறையாகத் தைத்துப் போட்டார். தாம்பரம் மேற்கில் அவருக்குத் தார்ப்பாய்க் கடை. லாரிக்கு மேலே போர்த்துகிறது, கடை முகப்பில் வெயிலுக்குக் கட்டுகிறது எல்லாம் அங்கே தைத்துக் கொடுப்பார்கள். ஊரிலுள்ள பாதி வண்டிகளை நனையாமல் காப்பாற்றியவருடைய வண்டி தெருவில் நனைந்துகொண்டிருக்கும்.

அவர் தனியாக இருக்கும்போதும் “நாங்க” என்றுதான் சொல்வார். தாம்பரத்திலிருந்து கிளம்பும் எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஜன்னலோர சீட் கிடைத்து உட்காருவார். பல்லாவரம் வருவதற்குள் கதவருகே நின்றுகொண்டிருப்பார். யாரும் எழுப்பியிருக்க மாட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கும் ஆள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றால் போதும், இவர் எழுந்துவிடுவார்.

அந்த வருடங்களில் கோடைக்காலத்தில் எங்கள் பக்கம் போர்வெல்லில் வெறும் காற்றுதான் வரும். தண்ணீர் லாரி வருகிற நாளில் தெருவே குடத்தோடு நிற்கும். பாய் அண்ணா வெளிச்சம் வருவதற்கு முன்பே போய்த் தன் குடங்களை முதலில் வைத்துவிடுவார். ஆனால் லாரி வந்து நிற்கும்போது பார்த்தால் அவை கடைசியில் இருக்கும். கைக்குழந்தையோடு ஒருத்தி வந்தால் கொஞ்சம் பின்னால் போகும். ஆபீசுக்கு நேரமாகிவிட்டதென்று ஒருவர் வாட்சைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் பின்னால். அவரே காலால் மெதுவாகக் குடங்களைத் தள்ளிக்கொண்டு போவார்.

“அண்ணா, கடைசில நிக்கறதுக்கு எதுக்கு இவ்ளோ சீக்கிரம் வரீங்க?”

“அவங்களுக்கு அவசரம்மா.”

“உங்க வீட்ல அக்காவுக்குத் தண்ணி வேணாமா?”

“கடைசில கொஞ்சம் வரும்மா. பார்த்துக்கலாம்.”

கடைசியில் வருவது கலங்கல். நான் பொறுக்க மாட்டாமல் அவருடைய குடங்களை இழுத்து என் குடங்களோடு வைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் மல்லுக்கு நிற்பேன். அவர் ஏதோ திருடிப் பிடிபட்டவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார். தண்ணீர் கிடைத்த பிறகும் அவர் முகத்தில் சந்தோஷம் இருக்காது.

என் பெண்ணுக்குக் காதுகுத்தியபோது மொட்டைமாடியில் பந்தி போட்டோம். முதல் பந்தியிலேயே அவரை உட்கார வைத்தேன். இலை போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும்போது என் நாத்தனார் வீட்டு ஆட்கள் வந்து படியேறினார்கள். சோறு வருவதற்குள் அவர் எழுந்துவிட்டார். இரண்டாவது பந்தியில் பிடித்து உட்கார வைத்தேன். அதிலும் யாரோ வந்தார்கள். கடைசியில் நான் தேடிப் போனபோது, சமையல்காரர்களோடு அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாயசம் தீர்ந்துபோயிருந்தது. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபத்தில்தான்.

“உங்களுக்கு ஏன் இப்படி ஒரு புத்தி?” என்று கேட்டேன். கேட்டே விட்டேன்.

அவர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: “எந்திரின்னு ஒருத்தர் வாயால கேட்டு எந்திரிக்கறது கஷ்டம்மா. அவங்க சொல்றதுக்கு முன்னாடி நாமளே எந்திரிச்சிட்டா மனசு வலிக்காது.”

இதை அவர் ஏதோ சட்டைக்குப் பட்டன் தைப்பதைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.  

அவர் மனைவியை நான் அக்கா என்பேன். அக்கா குறைவாகப் பேசுவார். பேசினால் வெடுக்கென்று ஒரு வேடிக்கை அதில் இருக்கும். அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு ஆணிகூடக் கிடையாது. காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கும். கண்ணாடி அலமாரியில் சாய்ந்திருக்கும். பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டியிலேயே இருந்தன. ஏன் பிரிக்கவில்லை என்று கேட்டேன். “எதுக்குடி, மறுபடியும் கட்டணுமே. பெட்டிக்கும் எங்களைப் பழகிடுச்சு” என்று சிரித்தார். பிறகு, தான் குடியிருந்த ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். பல்லாவரம், குரோம்பேட்டை, கூடுவாஞ்சேரி, படப்பை, மேடவாக்கம். தாம்பரத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்திருந்தார்கள். எந்த வீட்டையும் வாடகை பாக்கிக்காகவோ சண்டை போட்டோ விடவில்லை. ஓனர் தங்கைக்கு வீடு வேண்டுமாம், ஓனர் இடித்துக் கட்டப் போகிறாராம், ஓனர் மருமகன் மாற்றலாகி வருகிறாராம். பாய் அண்ணா சரி என்று சொல்லிவிட்டுப் பெட்டி கட்டுவார். சில இடங்களில் ஓனர் இழுத்து இழுத்துப் பேச்சை ஆரம்பிப்பதற்குள் இவரே, “வீடு வேணுமாண்ணே?” என்று கேட்டிருக்கிறார்.

தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனிதர் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பெண் பத்தாவது முடித்து அடுத்த வகுப்பில் சேர்ந்தபோதுதான் எனக்கு முதன்முறையாக அது கசந்தது. அவளுக்கு டாக்டருக்குப் படிக்க ஆசை, மார்க்கும் இருந்தது. ஆனால் அட்மிஷன் நாளில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் நெருக்கியடித்ததாம். ஓர் அம்மாள் தன் பையனுக்கு இடம் கிடைக்காது போலிருக்கிறதே என்று அழுதாராம். இவர் வரிசையிலிருந்து விலகி நின்றிருக்கிறார். இவர் முறை வந்தபோது சயின்ஸ் குரூப் நிரம்பிவிட்டது. பெண் காமர்ஸில் சேர்ந்தாள். அவள் அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அழவில்லை. அப்பா மொபெட்டைத் தெருவில் நிறுத்திப் பூட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவரைத் தங்கமான மனிதர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவரிடம் ஏதாவது ஒரு இடத்தைப் பெற்றுக்கொண்டவர்கள்தான் எல்லோரும் அப்படிச் சொன்னார்கள்.

அடுத்த வருடம், அவள் பிளஸ் டூவுக்குப் போகவிருந்த கோடை. மோட்டார் போடச் சொல்வதற்காக மாடிக்குப் போனேன். ஓனர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். ஏரித் தண்ணீரில் நெல் போட்டவர்கள், பிறகு நிலத்தை மனையாக்கி விற்று வீடு கட்டியவர்கள். மனதில் இருப்பதை ஒளிக்கத் தெரியாத மனிதர்.

“ஆவணில பையனுக்குக் கல்யாணம்மா. கீய ஒரு வூடு வேணும். பாயாண்ட சொல்லிட்டேன். ஜூன் முடிய காலி பண்ணிடுவாரு.”

“அவங்க பொண்ணு பிளஸ் டூ. நாங்க அவங்களுக்கு அப்புறம் வந்தவங்கதான. எங்களைக் கேட்டிருக்கலாமே?”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். “உன்னாண்ட சொன்னா நீ தெருவையே கூட்டுவ. பாய் இன்னா சொல்லப் போறாரு? தங்கமான மனுசன். சரிண்ணேன்னு பூட்டாரு.”

கீழே வந்து நேராக அண்ணாவிடம் போனேன். அக்கா வீட்டில் இல்லை. அவர் வாசலில் நின்று கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

“முடியாதுன்னு சொல்ல வேணாம். ஒரு வருஷம் டைம் கேளுங்க. புள்ளை பரீட்சை முடியட்டும்னு கேளுங்க. அந்த மனுஷன் கேட்டா குடுப்பாரு.”

“அவங்க வீடும்மா. அவங்களுக்கு வேணும்ல.”

“அப்ப நாங்க போறோம். எங்களுக்குச் சின்னப் புள்ளை, எங்க வேணா சேர்த்துக்கலாம்.”

“உங்களை எழுப்பிவிட்டுட்டு நாங்க உட்கார்றதா?” அவர் நிஜமாகவே பயந்துவிட்டார். “அப்படியெல்லாம் பேசாதம்மா.”

“வேற வீடு பார்த்தீங்களா?”

“பார்த்தேன். போன்ல பேசும்போது இருக்குன்றாங்க. நேர்ல போய்ப் பேரைச் சொன்னதும் நேத்துதான் குடுத்தோம்ன்றாங்க. கிடைக்கும். எப்பவும் கடைசில கிடைச்சிருக்கு.”

“அக்காட்ட சொல்லிட்டீங்களா?”

கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “கடலுக்குப் போய்ட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் அவ நிம்மதியா இருக்கட்டும்.”

கடலுக்குப் போவது அக்காவின் வெகுநாள் ஆசை. பல்லாவரத்தில் ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவர். அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஒரு நாள் தூங்க வேண்டும் என்பார். ஓட்டலில் இல்லை, மணலில். பாம்பனில் மீன் வண்டிகளுக்குத் தார்ப்பாய் வாங்கும் வியாபாரி ஒருவர் கடைக்கு வந்தபோது பாய் அண்ணா இதைச் சொல்லியிருக்கிறார். எங்கள் தீவில் கடலை ஒட்டி ஒரு பூங்கா இருக்கிறது, வாட்ச்மேனிடம் சொல்லி வைக்கிறேன், கூடாரம் போட்டுக்கொண்டு தங்குங்கள் என்று அவர் அழைத்திருந்தார். கடையில் யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு எடுத்துப்போகாத பெரிய கூடாரம் ஒன்று கிடந்தது. இரண்டு குடும்பமும் மே மாதத்தில் ஒரு நாள் தாம்பரத்தில் ரயில் ஏறினோம். அவருக்குக் கிடைத்த கீழ் பெர்த் எழும்பூரிலிருந்தே ஏறியிருந்த ஒரு பெரியவருக்குப் போய்விட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விடிந்ததும் ரயில் கடல்மேல் ஊர்ந்து போனது. இரண்டு பக்கமும் தண்ணீர். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாய் அண்ணா கடலைப் பார்க்கவில்லை, அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.  திரும்பிப் போனதும் இவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது.

பூங்கா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சவுக்கு மரங்கள், கொஞ்சம் சிமென்ட் பெஞ்சுகள், ஊஞ்சல், ஒரு குழாய். வேலிக்கு அப்பால் மணல், மணலுக்கு அப்பால் கடல். வாட்ச்மேன் எங்களை எதிர்பார்த்திருந்தார், எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அக்கா சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு இடத்தைக் காட்டினார். இரண்டு சவுக்குகளுக்கு நடுவே, கடலைப் பார்த்தபடி, நல்ல நிழல். மணலில் முளை நிற்காது என்பதால் பாய் அண்ணா காலி சிமென்ட் பைகள் கொண்டுவந்திருந்தார். அவற்றில் மணலை நிரப்பிக் கயிறுகளை அதில் கட்டினோம். கூடாரம் நின்றதும் அக்கா உள்ளே போய் உட்கார்ந்து, “இங்க ஓனர் யாருங்க?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். பாய் அண்ணா மட்டும் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. பெரிய குடும்பம். அதில் வயதான ஓர் அம்மாள் நிழலைத் தேடி எங்கள் மரத்தைப் பார்த்தார். பாய் அண்ணா உடனே கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். நானும் என் வீட்டுக்காரரும் முறைத்துக்கொண்டே மணல் மூட்டைகளை இழுத்தோம். மரத்தைவிட்டு வெளியே, வெயிலில், மறுபடி கட்டினோம். அக்கா தன் பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார்.

மதியத்துக்கு மேல் சில பையன்கள் பேட்டும் பந்தும் கொண்டுவந்தார்கள். பந்து கூடாரத்தின்மேல் ஒரு முறை விழுந்தது. “சாரி அங்கிள்” என்றான் ஒருவன். அவர்கள் விளையாடுவதற்கு இடைஞ்சல் என்று பாய் அண்ணா மறுபடி அவிழ்த்தார். இந்த முறை வேலியைத் தாண்டி மணலுக்கே வந்துவிட்டோம். அவர் பெண் மூட்டையை இழுத்துக்கொண்டே, “அத்தா, இன்னொரு தடவை மாத்த மாட்டீங்கல்ல?” என்று கேட்டாள். அவர் கயிற்றை இறுக்கினார்.

வெயில் இறங்கிய நேரத்தில் வாட்ச்மேன் சங்கடத்தோடு வந்தார். ஊரில் பெரிய இடத்துக் குடும்பம் ஒன்று வருகிறதாம், இந்தப் பக்கம் மணலில் உட்காருவார்களாம். “நீங்க போக வேணாம் சார். அந்தா, அங்கிட்டு பாத்ரூமுக்குப் பக்கத்துல கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிட்டீங்கன்னா...”

நான் வாயைத் திறந்தேன். பாய் அண்ணா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“பரவால்லம்மா. அண்ணே, நாங்க ஓரமா இருந்துக்கறோம்.”

குனிந்து கயிறுகளை அவிழ்த்தார். அவருடைய கைகள் தாமாகவே வேலை செய்தன. முன்பக்கத்து மூட்டை, பின்பக்கத்து மூட்டை, பிறகு கம்பு. துணி காற்றில் ஒரு முறை உப்பி, மெதுவாக இறங்கியது. இறங்கிய துணி தரையில் படியவில்லை. நடுவில் ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. அக்கா குழாய்க்குப் போயிருப்பதாக நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நீலத் துணிக்கு அடியில் அக்காவின் தலையும் தோள்களும் தெரிந்தன. அவர் அசையவில்லை. துணியை விலக்கவும் முயலவில்லை.

“வெளில வாம்மா,” என்றார் பாய் அண்ணா, கம்பைக் கையில் பிடித்துக்கொண்டு.



“அவங்க வராங்களாம். கொஞ்சம் தள்ளிப் போயிடலாம்.”

“இன்னும் எங்கங்க தள்ளிப் போறது?” துணிக்கு உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. கோபம் இல்லை, களைப்பு. “அந்தப் பக்கம் தண்ணிதான் இருக்கு.”

 வாட்ச்மேன் என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் எத்தனையோ இடத்தில் தேவையில்லாமல் பேசியிருக்கிறேன், அந்த ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். இது நான் போட வேண்டிய சண்டை இல்லை என்று எனக்கே தெரிந்திருந்தது. பாய் அண்ணா கம்பைக் கீழே வைத்தார். துணியின் ஓரத்தைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனார். இப்போது துணிக்கு அடியில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். காற்று துணியை அவர்கள் முதுகோடு ஒட்டி ஒட்டி எடுத்தது. அவர் பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரொம்ப நேரம் கழித்து உள்ளிருந்து அவர் குரல் கேட்டது. உடைந்துபோன குரல்.

“அண்ணே, இன்னைக்கு நாங்க இங்கதான் இருப்போம். மன்னிச்சுக்கங்க.”

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். “சரி சார், இருங்க. நான் அவங்களுக்கு அங்கிட்டு நாற்காலி போட்டுக் குடுக்குறேன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவு எளிதாக அது முடிந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

கூடாரத்தை மறுபடி தூக்கி நிறுத்தினோம். இருட்டுவதற்கு முன்னால் அவர்கள் இருவரும் அலை தொடுகிற இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். அவர் பேசினார், அக்கா கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டு விஷயத்தைத்தான் சொல்கிறார் என்பது தெரிந்தது. எழுந்து வந்தபோது அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“போய்க் கேக்கறேன்னு சொல்லியிருக்காரு. பார்க்கலாம்.”

அன்றைக்கு அக்கா அலைச் சத்தத்தில் நன்றாகத் தூங்கினாராம். பாய் அண்ணா தூங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

ஊர் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நான் படிக்கட்டுக்குப் பக்கத்துக் குழாயில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பாய் அண்ணா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தொழுகைக்குப் போகும்போது போடுகிற சட்டை. படியேறினார், பாதியில் நின்றார், சட்டைப் பட்டனைச் சரிபார்த்தார், பிறகு ஏறினார். மேலே வராந்தாவில் ஓனர் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. நான் குழாயை மூடினேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

“அண்ணே.” பிறகு ஒரு பெரிய இடைவெளி. “ஒண்ணு கேக்கணும்.”

“கேளு பாய்.”

“பொண்ணு பிளஸ் டூ. பள்ளிக்கூடம் பக்கத்துலயே இருக்கு. பரீட்சை முடியற வரைக்கும்... அடுத்த வருஷம் மே வரைக்கும்... நாங்க இங்கயே இருந்துக்கலாமான்னு.”

 கையிலிருந்த சபீனா நுரை வழிந்து முழங்கைக்கு வந்துவிட்டது.

“இத்த கேக்கவா இப்டி நின்னுக்கினு கீற?” என்றார் ஓனர். “இரேன். பையனும் மருமவளும் ஒரு வருஷம் எங்களோட மேல இருந்துகினு போறாங்க. புள்ளை படிக்கட்டும். முன்னாடியே சொல்லியிருந்தா வேற ஏற்பாடு பண்ணியிருப்பேன்ல. சரி, காப்பி குடிக்கிறியா?”

பாய் அண்ணா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் மெதுவாகக் கீழே இறங்கியது. நான் எழுந்து கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சிரித்த முகமாகப் படிக்கட்டுக்கு எதிரே போய் நின்றேன். ஜெயித்தது நான்தான் என்பதுபோல எனக்கு அப்படி ஒரு குதூகலம்.

பாய் அண்ணா கடைசிப் படிவரை வரவில்லை. பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முழங்காலில் கைகளை ஊன்றி, முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. அப்படி ஒரு ஆண்பிள்ளை அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அக்கா வாசலுக்கு வந்தார். அவர் அழுவதைப் பார்த்ததும், ஓனர் முடியாது என்று சொல்லிவிட்டார் போல என்று நினைத்துவிட்டார்.  பிறகு படியேறிப் போய் அவர் தோளில் கை வைத்தார்.

“விடுங்க. கேட்டீங்கள்ல, அது போதும். பெட்டியெல்லாம் பாதி கட்டித்தான இருக்கு. போயிடலாம்.”

அவர் தலையை அசைத்தார். “இல்ல. குடுத்துட்டாரு.”

“என்னது?”

“கேட்டவுடனே குடுத்துட்டாரு. அரை நிமிஷம்கூட ஆகல.” கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப மத்த வீட்லயும்... கேட்டிருந்தா...”

 என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணா, எல்லோரும் இந்த மனிதரைப் போலக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அக்கா எனக்கு முந்திக்கொண்டார். ஒரு படி கீழே, அவர் காலருகில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்துகொண்டார். எந்தெந்த வீடுகள் அக்காவின் கண்முன் வந்து போயினவோ, யோசித்து நிதானமாகத்தான் பதில் சொன்னார்.

“சில பேரு குடுத்திருப்பாங்க.”